வந்த வார்த்தை காணாமல் போனால்

ஒன்றேகால் வயதில் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை ஒன்றரை வயதில் குழந்தையின் வாயில் வரவில்லை என்றால் பெற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். பேச்சு தாமதமானால் 'வரும், பொறு' என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம், வந்த பேச்சு போனால் அப்படிச் சொல்லித் தேற்றிக்கொள்ளவும் முடியாது. எங்கள் வீட்டில் முதலில் போனது 'லக்கு'. விளக்கைத்தான் என் மகள் அப்படிச் சொல்வாள். அப்புறம் 'பூ', பின்னாலேயே பூனைக்கு வைத்திருந்த 'ம்யா'. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டவைத்துப் பெருமைப்பட்ட வார்த்தைகள், ஒவ்வொன்றாகக் காணோம்.

இணையத்தில் தேடினால் ஒருவர் 'எல்லாக் குழந்தையும் இப்படித்தான்' என்பார், அடுத்தவர் 'ஆட்டிசம், உடனே ஓடுங்கள்' என்பார். எனக்கு உதவியது எங்கள் குழந்தை மருத்துவர் கேட்ட கேள்விகள்தான். எத்தனை வார்த்தை போச்சு என்று அவர் கேட்கவே இல்லை. கூப்பிட்டால் திரும்புகிறாளா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறாளா? காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாளா?

அந்த மூன்றாவது கேள்வியைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கா உட்கார்ந்திருக்கிறது. குழந்தை கையை நீட்டி 'ஆ!' என்கிறது, காக்காவைப் பார்க்கிறது, உடனே தலையைத் திருப்பி நாம் பார்த்தோமா என்று நம் முகத்தைப் பார்க்கிறது, மறுபடி காக்காவைப் பார்க்கிறது. இதில் வார்த்தையே இல்லை. ஆனாலும் 'நான் பார்ப்பதை நீயும் பார்' என்று ஒரு முழு வாக்கியத்தையே சொல்லிவிட்டது. பேச்சு முளைப்பது இந்த இடத்தில்தான். பொம்மை வேண்டும் என்று கையை நீட்டுவது வேறு, சும்மா காட்டுவதற்காகக் காட்டுவது வேறு. இரண்டாவதுதான் முக்கியம் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். இதெல்லாம் இருந்தபடியே இருந்து ஒன்றிரண்டு வார்த்தைகள் மட்டும் காணாமல் போயிருந்தால் அது ஒரு கதை. வார்த்தையோடு சேர்ந்து முகம் பார்ப்பதும், டாட்டா காட்டுவதும், ஒளிந்து விளையாடும்போது வந்த சிரிப்பும் போயிருந்தால் கதையே வேறு.

முதல் கதை உண்மையிலேயே சாதாரணமானது. குழந்தையின் ஆரம்ப வார்த்தைகளில் பல, நாம் நினைக்கிற பொருளில் வார்த்தைகளே இல்லை. ஒரு குறிப்பிட்ட செயலோடு ஒட்டிக்கொண்ட ஒலி, அவ்வளவுதான். மார்ட்டின் பாரெட் என்ற ஆய்வாளர் 1986-ல் எழுதியதில் ஆடம் என்று ஒரு குழந்தை வருகிறான். அவன் 'டக்' (ஆங்கிலத்தில் வாத்து) என்று சொன்னது குளியல் தொட்டியின் விளிம்பிலிருந்து பொம்மை வாத்தைத் தட்டிவிடும்போது மட்டும்தான், நிஜ வாத்தைப் பார்த்தால் வாய் திறக்க மாட்டான். இதைப் படித்த பிறகு பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்தோம். 'லக்கு' வந்ததெல்லாம் தாத்தா அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்விட்சைப் போட வைக்கும்போதுதான். தாத்தா ஊருக்குப் போனார், விளையாட்டு நின்றது, வார்த்தையும் நின்றது.

இன்னொன்று, ஒலி மாறிப்போவது. வெர்னர் லியோபோல்ட் என்ற மொழியியலாளர் தன் மகள் ஹில்டகார்டின் பேச்சை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். 10 மாதத்தில் 'ப்ரெட்டி' (ஆங்கிலத்தில் அழகு) என்று பெரியவர்கள் மாதிரியே சொன்ன குழந்தை, இரண்டு வயதை நெருங்கும்போது அதையே 'பிடி' என்றாள். கேட்டால் பின்னால் போனது போலத்தான் தெரியும். நடந்தது வளர்ச்சி. முதலில் கிளிப்பிள்ளையாகச் சொன்ன ஒலியை, பிறகு தானே உருவாக்கிக்கொண்ட ஒலி விதிக்குள் கொண்டுவந்தாள், அந்த விதியில் 'ப்ர' என்ற கூட்டொலிக்கு இடமில்லை. அதனால் ஒரு வார்த்தை போய்விட்டது என்று முடிவு கட்டும் முன், அது வேறு ஒலியில் ஒளிந்திருக்கிறதா என்று ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். எங்கள் 'ம்யா' அப்படித்தான் 'ஆவ்' ஆகியிருந்தது. பூனையைப் பார்த்துத்தான் சொல்கிறாள் என்பது புரியவே எங்களுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

இரண்டாவது கதையை மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, வந்த திறன் போவது நடக்கிறது. ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறும். பெரும்பாலும் 15 மாதத்திலிருந்து 2 வயதுக்குள். 'நேற்று வரை பேசினான், திடீரென்று நின்றுவிட்டது' என்று பெற்றோர் சொல்வது வழக்கம், ஆனால் திடீர் என்று தோன்றுவது பல நேரம் மெதுவாக நடந்ததுதான். அமெரிக்க ஆய்வாளர் சாலி ஓசோனாஃப் குழுவினர் குழந்தைகளைச் சில மாத வயதிலிருந்தே தொடர்ந்து கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பின்னால் ஆட்டிசம் உறுதியான குழந்தைகள் 6 மாதத்தில் மற்றவர்கள் போலவே முகம் பார்த்துச் சிரித்தார்கள், அதன் பிறகு அது படிப்படியாகக் குறைந்தது. பெரும்பாலான பெற்றோருக்கு அந்தக் குறைவு கண்ணில் படவே இல்லை. தினமும் கூடவே இருப்பவர்களுக்கு மெதுவான மாற்றம் தெரியாது என்பதில் ஆச்சரியமும் இல்லை. வார்த்தை நின்றால்தான் 'அடடா' என்று தோன்றுகிறது.

அரிதான காரணங்களும் உண்டு. பெண் குழந்தை பேச்சோடு கையின் பயன்பாட்டையும் இழந்து, பொருளைப் பிடிக்காமல் கைகளைப் பிசைந்துகொண்டே இருந்தால் ரெட் சிண்ட்ரோம் என்ற அரிதான மரபணுக் கோளாறா என்று மருத்துவர் பார்ப்பார். 3 வயதுக்கு மேல், நன்றாகப் பேசிய குழந்தைக்கு நாம் பேசுவதே புரியாமல் போனால் அது லாண்டாவ்-க்ளெஃப்னர் என்ற வலிப்பு சார்ந்த நோயாக இருக்கலாம். வெளியே வலிப்பு தெரியாமலும் இருக்கும் என்பதால் தூக்கத்தில் ஈ.ஈ.ஜி., அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் சோதனை, எடுப்பார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, டாக்டர் ஏன் சம்பந்தமில்லாத மாதிரி கையைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் கேட்கிறார் என்று குழம்பாமல் இருக்கத்தான்.

காது. எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும், ஆனால் 'அதான் டி.வி. சத்தத்துக்குத் திரும்புகிறாளே' என்று எல்லா வீட்டிலும் தள்ளிப்போடுகிறோம். சளி பிடித்த பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வது இந்த வயதில் மிகச் சாதாரணம். வலியோ காய்ச்சலோ இல்லாமலே இருக்கும். விரலால் காதைப் பொத்திக்கொண்டு பக்கத்து அறைப் பேச்சைக் கேட்டால் எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அப்படித்தான் அந்தக் குழந்தைக்கு. சத்தம் கேட்கும், எழுத்து பிரியாது. பெரும்பாலும் 3 மாதத்துக்குள் தானே வற்றிவிடும், வற்றாவிட்டால் சிகிச்சை உண்டு. பிறந்தவுடன் செய்த காது சோதனையில் எல்லாம் சரி என்று வந்திருந்தாலும் இப்போது மறுபடி செய்யத்தான் வேண்டும், ஏனென்றால் சில கேட்புக் குறைபாடுகள் பிறகுதான் வருகின்றன. என் மகளுக்கு டிம்பனோமெட்ரி (செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்ததில் ஒரு காதில் நீர் இருந்தது, பிறகு வற்றியும்விட்டது. அதனால்தான் வார்த்தை போனது என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

இனி சொந்தக்காரர்கள். "உன் மாமன் மூணு வயசு வரைக்கும் வாயே திறக்கலடி, இப்ப நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டேங்கிறான்" என்றார் அம்மா. சிரித்துவிட்டேன், ஆனால் மாமா பேசத் தாமதமானவர், பேசி நிறுத்தியவர் இல்லை, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் குழந்தை குழம்பிவிட்டது, ஒன்றை நிறுத்துங்கள் என்பார்கள். நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் வந்த பேச்சு போகாது, வார்த்தைகளை எண்ணும்போது இரண்டு மொழியிலும் உள்ளதைச் சேர்த்து எண்ணினால் போதும். தடுப்பூசிதான் காரணம் என்று ஒருவராவது கட்டாயம் சொல்வார். அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிய 1998 கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வந்த ஆய்விலும் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. ஊசி போடும் வயதும் பேச்சு போவது கண்ணில் படும் வயதும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன, அதுதான் விஷயம்.

அப்படியானால் என்ன செய்வது? ஒரு மாதத்துக்குமேல் வராத வார்த்தைகளைக் குறித்துக்கொள்ளுங்கள், வார்த்தையை மட்டும் எழுதாமல் எந்த இடத்தில், யாரிடம், எதற்காகச் சொன்னாள் என்றும் சேர்த்து எழுதுங்கள். முன்பு எடுத்த வீடியோ ஒன்றும் இப்போது எடுத்தது ஒன்றும் கைபேசியில் இருக்கட்டும், மருத்துவருக்கு நம் விவரிப்பைவிட அது பேசும். குழந்தையை உட்கார வைத்து 'சொல்லு, லக்கு சொல்லு' என்று நச்சரிக்க வேண்டாம், தேர்வு வைத்தால் தெரிந்ததும் வராது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது, ஆம்-இல்லை என்று நிரப்பச் சில நிமிடம் போதும். அதில் மதிப்பெண் கூடினால் ஆட்டிசம் என்று அர்த்தமில்லை, அடுத்த கட்டமாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினால் நல்லதுதான். ஆனால் சோதிக்காமலே 'இரண்டு வயது வரை பொறுத்துப் பார்க்கலாம்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தாமதத்துக்கு வேண்டுமானால் அப்படிப் பொறுக்கலாம், வந்த திறன் போவதற்கு அந்தப் பேச்சே பொருந்தாது. காது சோதனைக்கும் வளர்ச்சி மதிப்பீட்டுக்கும் எழுதித் தரச் சொல்லுங்கள். மதிப்பீட்டுக்கு நாள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்றால், அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இன்ன குறைபாடு என்று மருத்துவர் பெயர் வைத்து முடிவு சொல்லும் முன்பே பேச்சுப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.