அஜாக்ஸுக்குக் கிடைக்காத கவசம்

கிரேக்கர்கள் ட்ராய் நகரத்தோடு நடத்திய போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தைப் படித்தவர்களிடம் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் ஒன்று கிரேக்க வீரன் அகிலீஸ் என்பார்கள், இல்லையென்றால் ட்ராய் இளவரசன் ஹெக்டர் என்பார்கள். எனக்கு அஜாக்ஸைத்தான் பிடிக்கும். சலாமிஸ் தீவிலிருந்து வந்த தெலமோனின் மகன், பெரிய அஜாக்ஸ். (கிரேக்கப் படையில் இன்னொரு அஜாக்ஸும் உண்டு. அவன் கதை வேறு.)

ஹோமரின் உலகத்தில் மரியாதையைக் கண்ணால் பார்க்கலாம், பங்கு போடலாம். ஏழாம் காண்டத்தில் அஜாக்ஸும் ஹெக்டரும் தனியாக மோதுகிறார்கள். இருட்டிவிட்டதால் சண்டையை நிறுத்துகிறார்கள். ஹெக்டர் தன் வாளைத் தருகிறான், அஜாக்ஸ் தன் இடுப்புப் பட்டையைத் தருகிறான். அன்றிரவு கிரேக்கப் படைத் தலைவன் அகமெம்னான் ஐந்து வயதுக் காளையை வெட்டி விருந்து வைக்கிறான். முதுகுப் பக்கத்து நீளமான கறியை அப்படியே அஜாக்ஸுக்கு எடுத்துக் கொடுக்கிறான். இன்று யார் பெரியவன் என்பதை அந்தக் கறித்துண்டைப் பார்த்தே பந்தியில் இருந்த எல்லோரும் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

அதனால்தான், தனக்குப் போர்ப் பரிசாகக் கிடைத்த பிரிசேயிஸ் என்ற பெண்ணை அகமெம்னான் பிடுங்கிக்கொண்டபோது அகிலீஸ் அப்படிக் கொதித்தான். ஊரறியக் கொடுத்த பரிசை ஊரறியப் பறித்துவிட்டார்கள். சண்டையிலிருந்து விலகி நின்ற அவனைச் சமாதானப்படுத்த ஒன்பதாம் காண்டத்தில் தூது போகிறது. பத்துத் தாலந்து தங்கம், பன்னிரண்டு குதிரைகள், ஏழு நகரங்கள் என்று ஒடிசியஸ் அடுக்கிக்கொண்டே போகிறான். விடிந்ததும் கப்பலேறி ஊருக்குப் போகிறேன் என்கிறான் அகிலீஸ். கடைசியில் அஜாக்ஸ் பேசுகிறான். நாலே வார்த்தை. தம்பியை, மகனைக் கொன்றவனிடம்கூட ஈட்டுப் பணம் வாங்கிக்கொண்டு மனிதர்கள் கோபத்தை விடுகிறார்கள், நீ ஒரு பெண்ணுக்காக நண்பர்களைக் கைவிடுகிறாயே என்கிறான். அதற்குப் பிறகு அகிலீஸ் ஊருக்குப் போகும் பேச்சை எடுக்கவில்லை. ஹெக்டர் என் கப்பல்கள் வரைக்கும் வந்தால் சண்டைக்கு வருவேன் என்று இறங்கிவருகிறான். தங்கத்தால் முடியாததை அஜாக்ஸின் வெறும் வாய்ச்சொல் செய்தது.

நான் கல்லூரிக் கபடி அணியில் கார்னர் ஆடியவன். பாயிண்ட் எடுத்து வரும் ரைடருக்குத்தான் கைதட்டல். எதிராளியின் காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் கிடப்பவன் பெயர் பலருக்கும் தெரியாது. அஜாக்ஸிடம் எனக்கு இவ்வளவு ஒட்டுதல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவன் வேலை முழுக்கக் காப்பதுதான். ஏழு அடுக்கு மாட்டுத்தோலும் எட்டாவதாக வெண்கலமும் போட்ட கேடயம் அவனுடையது. கிரேக்கக் கப்பல்களுக்கு ட்ரோஜன்கள் தீ வைக்க வரும்போது 22 முழ ஈட்டியோடு கப்பலுக்குக் கப்பல் தாவித் தடுக்கிறான். அகிலீஸின் இறந்துபோன நண்பன் பட்ரோக்ளஸின் உடலைக் காக்கும்போது களம் முழுக்க மூடுபனி. அஜாக்ஸ் கடவுள்களின் அரசன் ஜீயஸிடம் உயிர்ப்பிச்சை கேட்கவில்லை. பனியை விலக்கு, கொல்வதென்றால் வெளிச்சத்தில் கொல் என்கிறான். இலியட்டில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் இது.

அகிலீஸ் இறந்த பிறகு அவனுடைய கவசம் யாருக்கு என்று போட்டி வருகிறது. அது ஒடிசியஸுக்குப் போகிறது. அந்த அவமானத்தில் அஜாக்ஸுக்குப் புத்தி பேதலித்ததை சோபக்ளிஸ் நாடகமாக்கினார். தன்னை அவமதித்த தலைவர்கள் என்று நினைத்து, போரில் கவர்ந்துவந்த ஆடு மாடுகளை இரவில் வெட்டித் தள்ளுகிறான். தெளிந்ததும் பார்க்கிறான், கூடாரம் முழுக்க ரத்தம். மனைவி தெக்மேசா குழந்தையைச் சொல்லி மன்றாடுகிறாள். அவன் ஹெக்டர் கொடுத்த அதே வாளை மண்ணில் நட்டு அதன்மேல் விழுகிறான்.

ஈட்டை வாங்கிக்கொண்டு கோபத்தை விடு என்று அகிலீஸுக்குச் சொன்னவன் தன் விஷயத்தில் ஏன் விடவில்லை என்று கேட்கலாம். என் பதில் இதுதான்: அகிலீஸுக்கு ஏழு நகரங்களோடு தூது போனது. அஜாக்ஸின் கூடாரத்துக்கு யாரும் போகவில்லை. கொடுப்பவர் கையில்தான் மரியாதை என்று ஆகிவிட்ட இடத்தில், அவர்கள் கையை மூடிக்கொண்டால் அவன் எங்கே போவான்? பத்து வருஷம் கேடயம் பிடித்தவனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல அந்தப் படையில் ஆள் இல்லை என்பதில்தான் எனக்குக் கோபம்.

பிரான்சில் பூலோன் சுர் மேர் அருங்காட்சியகத்தில் கிரேக்க ஓவியர் எக்ஸீகியாஸ் தீட்டிய ஜாடி ஒன்று இருக்கிறது, கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பல ஓவியர்கள் அஜாக்ஸை வாளின்மேல் விழுந்து கிடப்பவனாகத்தான் வரைந்தார்கள். எக்ஸீகியாஸ் அதற்கு முந்தைய நொடியை எடுத்துக்கொண்டார். அஜாக்ஸ் குத்துக்காலிட்டு, வாளின் பிடி அசையாமல் நிற்க மண்ணை அணைத்துக்கொண்டிருக்கிறான். நெற்றியில் சுருக்கங்கள். ஒரு பக்கம் ஒரு மரம், மறுபக்கம் அவனுடைய கேடயம். வேறு ஆள் இல்லை.

ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில், பாதாளத்தில் அவனைப் பார்க்கும் ஒடிசியஸ், அந்தக் கவசத்தை ஜெயிக்காமலே இருந்திருக்கலாம் என்கிறான். அஜாக்ஸ் பதில் பேசாமல் போய்விடுகிறான். அவன் மன்னித்திருக்கலாம் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

அப்புறம், இதை கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். கி.மு. 480இல் பாரசீகக் கடற்படை வந்து நின்றபோது, சலாமிஸில் இருந்த கிரேக்கர்கள் துணைக்கு வரச்சொல்லி அஜாக்ஸைக் கூப்பிட்டு வேண்டினார்கள். ஜெயித்த பிறகு, பிடிபட்ட பினீசியப் போர்க்கப்பல் ஒன்றை அந்தத் தீவிலேயே அவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள்.