சலைன் சொட்டு எண்ணும் கருவி கற்றுத்தருபவை

மருத்துவக் கருவி வடிவமைப்பு சொல்லித்தரும் துறைகளில் அடிக்கடி தலைகாட்டும் மாணவர் புராஜெக்ட் ஒன்று உண்டு: சலைன் தீரும் முன் மணியடிக்கும் கருவி. டிரிப் சேம்பரின் (பாட்டிலுக்குக் கீழே சொட்டு விழும் ஒளிபுகும் குப்பி) ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடி, எதிரே அந்த ஒளியைச் சொட்டு மறைப்பதை உணரும் போட்டோடயோடு, எண்ணிக்கை போட ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை, ஒலியெழுப்ப ஒரு பஸ்ஸர். சென்னை ரிச்சி தெருவில் ஒரே மாலையில் எல்லாம் வாங்கிவிடலாம். 'இன்னொரு சலைன் அலாரமா?' என்று ஆசிரியர்கள் சலித்துக்கொள்வதுண்டு. ஒழுங்காக முடித்தால் பாடத்திட்டத்தில் பாதி இதற்குள்ளேயே வந்துவிடும் என்பது என் எண்ணம். மேசைமேல் மணி அடித்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்களே, அதுதான் குறை.

முதலில் கணக்கு. சாதாரண செட்டில் (பாட்டிலிலிருந்து ஊசி வரையிலான குழாய்த் தொகுதி) 20 சொட்டு 1 மி.லி. 500 மி.லி.யை 4 மணி நேரத்தில் ஏற்ற, நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு விழவேண்டும். ஆனால் இந்த செட்டுகளுக்கான ஐஎஸ்ஓ 8536-4 என்ற சர்வதேசத் தரம், காய்ச்சி வடித்த நீரிலேயே அந்த 1 மி.லி.யில் 0.1 கூடக்குறைய இருக்க விடுகிறது. திரவம் மாறினால் சொட்டின் அளவும் மாறும். ஒரு சொட்டுகூட விடாமல் எண்ணினாலும் 10 சதவீதம் வரை பிழை உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அப்படியிருக்க, திரையில் 'மணிக்கு 124.7 மி.லி.' என்று காட்டுவதில் அந்தக் கடைசி இலக்கத்துக்குப் பொருளே இல்லை.

வார்டில் வேறு தொல்லைகள். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் போட்டோடயோடு குருடாகிவிடும். எல்இடியைக் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் துடிக்கவிட்டு, அந்தத் துடிப்பை மட்டும் வடிகட்டி எடுக்கவேண்டும். சேம்பர் சாய்ந்தால் சொட்டு சுவரோடு வழியும். மோசமானது இது: ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிளாம்ப் முழுக்கத் திறந்துகொண்டு திரவம் தாரையாக ஓடும்போது தனித்தனிச் சொட்டு இல்லாததால், 'ஓட்டம் நின்றுவிட்டது' என்று கருவி சொல்லும். நடப்பதற்கு நேர் எதிரான செய்தி. சிலர் எடையை உணரும் லோட்செல்லில் சலைன் பையைத் தொங்கவிட்டு எடை பார்க்கிறார்கள். மின்விசிறிக் காற்றும் கம்பத்தை இடித்துப்போகும் ஆளும் அளவைக் குலைப்பார்கள். பைக்குள் மருந்து ஏற்றினால் எடை கூடும். நீண்ட சராசரி எடுத்தால் அளவு நிலைக்கும், ஆனால் அலாரம் பிந்தும். எத்தனை விநாடிச் சராசரி, ஏன் என்று எழுதிவைப்பதுதான் வடிவமைப்பு. அந்தப் பக்கத்தைத்தான் அறிக்கையில் காண முடிவதில்லை.

இதற்கெல்லாம் முன்பே கேட்டிருக்கவேண்டிய கேள்வி: பாட்டில் தீர்ந்தால் என்ன ஆகிறது? 'காற்று ஏறி நோயாளிக்கு ஆபத்து' என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறார்கள். புவியீர்ப்பில் ஓடும் செட்டில், குழாயிலுள்ள திரவத்தின் உயரம் சிரை அழுத்தத்துக்குச் சமமாகும் இடத்தில் பொதுவாக ஓட்டம் நின்றுவிடும். அடிக்கடி நடப்பது ரத்தம் பின்னேறி உறைந்து, ஊசி அடைத்து, நோயாளிக்கு மறுபடி குத்துவது. அப்படியானால் தேவை அலாரம்தானா? 'வார்டில் உள்நோயாளிகளுக்கு, அடைப்பால் மறுபடி ஊசி குத்துவதைக் குறைக்க ஒரு வழி.' சிக்கல், ஆட்கள், பலன் மூன்றும் இருக்க, கருவியின் பெயர் இல்லாமல் தேவையை இப்படித்தான் எழுதவேண்டும். எழுதியதும் மின்சாரமே இல்லாத தீர்வுகளும் கண்ணில் படும்.

இதை வார்டில் நின்றுதான் அறியமுடியும், அதுவும் மருத்துவமனையின் அனுமதியும் தேவைப்படும் இடத்தில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வாங்கிய பிறகு. நம் அரசு மருத்துவமனைகளில் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருப்பவர் பெரும்பாலும் கூட இருக்கும் உறவினர். "சிஸ்டர், பாட்டில் முடியப்போகுது" என்று ஓடுபவர் அவர்தான். பயனர் பட்டியலில் அவரைக் காணோம். ஐஐடி மெட்ராஸ், வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீசித்திரா மருத்துவத் தொழில்நுட்ப நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். போன்ற படிப்பின் அருமை, பொறியியல் மாணவருக்கு மருத்துவமனை வாசல் திறப்பதில்தான்.

அடுத்தது பெட்டி. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சில் எடுத்த பெட்டி 60 டிகிரிக்கு அருகிலேயே இளகும். நீராவியால் கிருமி நீக்கும் 121 டிகிரி ஆட்டோகிளேவைப் பற்றிப் பேசவே வேண்டாம். அடுக்குகளுக்கிடையே அழுக்கு தங்கும். தினமும் எந்தக் கிருமிநாசினியால் துடைப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மின்சாரத்துக்கு ஃபோன் சார்ஜர் உதவாது: நோயாளியின் உடலோடு இணையும் பிஎஃப் வகைப் பாகத்துக்கு ஐஇசி 60601-1 என்ற மின்பாதுகாப்புத் தரம் வைத்திருக்கும் கசிவு மின்னோட்ட வரம்பு இயல்பு நிலையில் 100 மைக்ரோஆம்பியர், ஒற்றைப் பழுதில் 500, இதயத்தோடு நேரடியாக இணையும் சிஎஃப் வகைக்கு 10, 50.

ஆபத்து நிர்வாகத்தில் ஐஎஸ்ஓ 14971 தரம் ஒரு வரிசை வைத்திருக்கிறது: ஆபத்தே நேராதபடி வடிவமைப்பது, முடியாதபோது தடுப்பு ஏற்பாடு, கடைசியாக எச்சரிக்கை வாசகம். மாணவர் அறிக்கைகளில் தலைகீழ். ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது, ஆபத்து 'குறைந்தது'.

சோதனையில் பொறுமை வேண்டும். ஸ்ரீசித்திராவின் செயற்கை இதய வால்வில் முந்தைய மாதிரிகள் தோற்றே, பாலிஎத்திலீன் தட்டும் கோபால்ட் கலப்புலோகச் சட்டமும் கொண்ட வடிவம் நிலைத்தது. 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தினார்கள். இதயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை துடிக்கிறது. இயந்திர வால்வுகளுக்கு 40 கோடி சுழற்சிச் சோதனை கேட்பது அதனால்தான். இந்தியாவின் 2017 மருத்துவக் கருவி விதிகளில் வால்வு, ஆபத்தின் அளவில் மிக உயர்ந்த டி வகுப்பு. உங்கள் கருவி எந்த வகுப்பு என்பதை முதல் மாதத்திலேயே பார்த்துவிடுங்கள். ஆவணச் சுமை அதைப் பொறுத்தது.

காப்புரிமை எண்ணம் இருந்தால், கல்லூரிக் கண்காட்சிக்கு முன்பே தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடவேண்டும். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யவேண்டும்.