பேஜ் முடிந்த இடம்

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் வேலையில் எது உடைந்தாலும், முதலில் மெஷினோடு வரும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரைத் திட்டுவது எங்கள் வழக்கம். பல நேரம் அது நியாயமும்கூட. ஆனால் ஒருமுறை நான் இரண்டு நாள் திட்டித் தீர்த்தது சுத்த அநியாயம்.

மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று ஃபர்ம்வேர் மெமரியில் எழுதி வைக்கும் பட்டியல்கள்தான் ஏசிபிஐ டேபிள்கள். பூட் ஆகும்போது அவற்றை மேப் செய்யும், அதாவது கெர்னல் படிக்கும்படி முகவரி கொடுத்து இணைக்கும் பகுதி என் பொறுப்பில் இருந்தது. எந்த டேபிள் எவ்வளவு நீளம் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் முதலில் டேபிளின் தொடக்கத்தில் இருக்கும் 36 பைட் ஹெட்டரை மட்டும் மேப் செய்து, அதிலிருந்து நீளத்தைப் படித்து, அப்புறம் முழு டேபிளையும் மறுபடி மேப் செய்ய வேண்டும். எல்லா பைட்டையும் கூட்டினால் கடைசி 8 பிட் பூஜ்யமாக வர வேண்டும். டேபிள் சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனைதான் செக்சம்.

புதிதாக வந்த ஒரு மெஷினில் மட்டும் செக்சம் தப்பு. அதுவும் பிராசஸர் பட்டியல் இருக்கும் எம்ஏடிடி டேபிளில். சரி, ஃபர்ம்வேர் குழப்பம்தான் என்று முடிவு கட்டி, புகார் மெயில்கூட எழுதி வைத்துவிட்டேன்.

“டம்ப் எடுத்துப் பார்த்தீங்களா?” என்று சீனியர் கேட்டார். டேபிளின் பைட்டுகளை அப்படியே எடுத்துக் காட்டும் நகல்தான் டம்ப். எடுக்கவில்லை.

எடுத்தேன். மொத்தம் 210 பைட். 44 பைட் தாண்டியதும் ஒவ்வொரு பிராசஸருக்கும் 8 பைட்; ஒவ்வொன்றும் 00 08 என்று தொடங்கி வரிசை பிசகாமல் வந்தது. 11வது பிராசஸரின் பாதியில், சரியாக 128வது பைட்டோடு வரிசை அறுந்தது. அதற்கு மேல் இருந்தவை இந்த டேபிளின் பைட்டுகளே இல்லை. இதற்கு முன் படித்த வேறொரு டேபிளின் நடுப்பகுதி!

மெமரியை மேப் செய்வது பேஜ் என்ற 4096 பைட் துண்டுகளாகத்தான். ஒரு பேஜ் முடிய 128 பைட் மிச்சமிருந்த இடத்தில் ஃபர்ம்வேர் டேபிளை வைத்திருந்தது. வைக்கலாம், தடையில்லை. நான்தான் 210 பைட்டுக்கு 4096 பைட் பேஜ் ஒன்று போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பேஜுக்குள் டேபிள் எங்கே தொடங்குகிறது என்பதையும் நீளத்தோடு கூட்டிவிட்டுத்தான் பேஜை எண்ணியிருக்க வேண்டும். மேப் செய்யாத பேஜைத் தொட்டால் எழும் பிழையான பேஜ் ஃபால்ட் வந்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன். பூட் நேரத்துத் தற்காலிக மேப்பை நான் முழுதாகத் துடைக்காததால், அடுத்த பேஜில் பழைய டேபிள் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரு தப்பை இன்னொரு தப்பு மூடி மறைத்திருக்கிறது.

திருத்திய பிறகு, போலி டேபிள் ஒன்றை ஒரு பேஜின் 4096 தொடக்க இடங்களிலும் வைத்து ஓட்டிப் பார்த்தேன். 35 இடங்களில் ஹெட்டரே இரண்டு பேஜுக்கு நடுவில் உடைகிறது. அதில் 7 இடங்களில் நீளம் எழுதியிருக்கும் 4 பைட்டில் ஒன்றாவது அடுத்த பேஜுக்குப் போய்விடுகிறது. அங்கே பழைய கோட் எதை நீளம் என்று படித்திருக்குமோ! புகார் மெயிலைத் திறந்து, ஒருமுறை படித்துவிட்டு அழித்தேன்.