தேவனாம்பட்டினத்துக் காற்றும் மூன்று வால்வுகளும்

ஐப்பசி மழை பிடித்த இரண்டாவது வாரம் என் கிட்டார் ஆம்ப் கரகரக்கத் தொடங்கியது. கிட்டாரின் வால்யூமை முழுக்க மூடி வைத்தாலும் ஸ்பீக்கருக்குள் கடலை வறுபடுவது போல ஒரு சத்தம். ஐந்து நிமிடம் இருக்கும், அடங்கும். ஆம்பின் மேல் கை பட்டால் திரும்ப வரும்.

ஆம்ப் சிறியதுதான். 15 வாட். வால்வில், அதாவது ஒலியைப் பெருக்கும் காற்றில்லாத கண்ணாடிக் குழாயில், ஓடுவது. கடைசியில் ஸ்பீக்கரை ஓட்ட இரண்டு ஈஎல்84, முன்னால் வரிசையாக வி1, வி2, வி3 என்று மூன்று 12ஏஎக்ஸ்7. புதுச்சேரியில் ஒரு குழுவில் வாசித்துக்கொண்டிருந்த நண்பரிடம் ஏழு வருடம் முன்பு வாங்கினேன். அதற்குப் பிறகு வால்வு எதையும் மாற்றவில்லை. "வயசாகிவிட்டது, மாற்றிவிடுவோம்" என்றுதான் முதலில் நினைத்தேன்.

12ஏஎக்ஸ்7 என்பதையே ஐரோப்பியப் பெயரில் ஈசிசி83 என்பார்கள். அந்தப் பெயரிலேயே விவரம் இருக்கிறது: ஈ என்றால் 6.3 வோல்ட் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை), இரண்டு சி என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோடு (பெருக்கும் உறுப்பு), 8 என்றால் ஒன்பது கால் உள்ள சின்ன அடிப்பாகம். இன்று இவை புதிதாக வருவது சீனா, ரஷ்யாவின் சரத்தோவ், ஸ்லோவாகியா போன்ற சில இடங்களிலிருந்துதான். 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதி நின்றபோது எங்கும் விலை ஏறியது. நான் வாங்கியபோது ஒன்று 2000 ரூபாய்க்குப் பக்கம் வந்தது. மூன்று 12ஏஎக்ஸ்7, கூடவே அதே சாக்கெட்டில் மாட்டக்கூடிய, பெருக்கம் குறைந்த ஒரு 5751, ஒரு 12ஏடி7 வரவழைத்தேன்.

பார்சல் வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலும் தேடிப் பார்த்தேன். பழைய ரேடியோ வால்வுகள் கிடைத்தன: ஈசிஎச்81, ஈஎஃப்89. அவற்றுக்கும் ஒன்பது கால்தான், சாக்கெட்டில் அழகாக உட்காரும். ஆனால் எந்தக் காலில் எது என்பது முற்றிலும் வேறு. உட்காருகிறதே என்று யாரும் ஆம்பில் செருகிவிட வேண்டாம்.

பார்சல் வந்த அன்றே மூன்று 12ஏஎக்ஸ்7-யையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டேன். சத்தம் சுத்தமாக நின்றது. இரண்டு நாள் நன்றாக வாசித்தேன். மூன்றாம் நாள் காலை, மழை விட்டு ஈரக்காற்று வீசிய நேரம், அதே கரகரப்பு அதே இடத்தில் திரும்ப வந்தது.

மூன்றையும் சேர்த்து மாற்றியது தப்பு. எது காரணம் என்று கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போயிற்று. ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்டிருக்க வேண்டும். கரகரப்பு வால்வோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றம் வால்வில். வால்வு எதைப் போட்டாலும் அதே இடத்தில் நின்றால் குற்றம் சாக்கெட்டிலோ அதைச் சுற்றியுள்ள மின்தடையிலோ.

அப்பாவின் நண்பர் ஒருவர் கடலூர் முதுநகரில் மைக்செட் வைத்திருந்தவர். ஆடி மாதம் கூழ் வார்த்தல் என்றால் சுற்றுவட்டாரத்தில் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் பாடும். டிரான்சிஸ்டர் ஆம்ப் வருவதற்கு முன் வால்வு ஆம்ப்தான் ஓட்டினார். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"வால்வைப் பிடுங்கி மாட்டின உடனே நின்னுச்சா தம்பி?"

"ஆமா மாமா. ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு."

"அப்ப வால்வு இல்ல. சாக்கெட்டு. நீ பிடுங்கி மாட்டுனதுல உப்பு உரசிப் போச்சு, அதான் ரெண்டு நாள் பாடுச்சு. மறுபடி பூத்துக்கும்."

எங்கள் வீட்டிலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரையான சில்வர் பீச்சுக்குப் பத்து நிமிட நடை. ஜன்னல் கம்பிக்கு வருடா வருடம் பெயின்ட் அடிக்கிறோம், சைக்கிள் செயின் மாதக்கணக்கில்கூடத் தாங்குவதில்லை. ஆனால் ஆம்புக்குள்ளும் அதே காற்றுதான் போகிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வால்வை எடுக்கும் விதத்தையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். "நேரா இழுக்காத. லேசா வட்டமா ஆட்டி ஆட்டி மேல கொண்டா. கால்கிட்ட கண்ணாடி கீறுச்சுன்னா காத்து பூந்துரும்." காற்று புகுந்ததைக் கண்டுபிடிப்பது சுலபம். வால்வின் உச்சியில் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருக்கும். அப்படி ஆனதை மறுபடி செருகிப் பார்க்கக்கூட வேண்டாம்.

சாக்கெட் சுத்தம் செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஆபத்து இருப்பது அங்கேதான். முன் வால்வை மாற்ற ஆம்பைப் பிரிக்க வேண்டாம், பயாஸ் (வால்வின் ஓய்வு மின்னோட்ட அளவு) திருத்தவும் வேண்டாம். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறியதும் தகர மூடியை அமுக்கித் திருப்பிக் கழற்றினால் போதும். ஆனால் சாக்கெட் ஓட்டைக்குள் எதையாவது விடுவது வேறு கதை. 1, 6 இரண்டும் பிளேட் கால்கள், அதாவது உயர் மின்னழுத்தம் வரும் கால்கள். ஆம்ப் ஓடும்போது அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். நான் செய்தது இது: வால்வுகள் எல்லாம் இருக்கும்போதே, ஸ்டாண்ட்பை ஸ்விட்சை (வால்வைச் சூடாக மட்டும் வைத்து ஒலியை நிறுத்துவது) வாசிக்கும் நிலையில் விட்டு, மெயின் ஸ்விட்சை அணைத்தேன். அப்படிச் செய்தால் சூடாக இருக்கும் வால்வுகளே மிச்ச மின்சாரத்தை இழுத்துக் குடித்துவிடும். பிளக்கைப் பிடுங்கி அரைமணி நேரம் விட்டேன். அப்புறம் வால்வுகளைக் கழற்றி, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து 1-லும் 6-லும் பார்த்தேன். ஒரு வோல்ட்டுக்குக் கீழ் வந்த பிறகுதான் கை வைத்தேன். மீட்டர் இல்லாதவர்கள் இந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

பல்லிடுக்கு சுத்தம் செய்யும் சின்ன பிரஷை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டேன். வி1 சாக்கெட்டிலிருந்து, அதாவது கிட்டார் ஒயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதிலிருந்து, பிரஷ் பச்சையாக வெளியே வந்தது. மூன்று பிரஷ் தீர்ந்தது. இரண்டு ஓட்டைகளில் பிடிப்பும் தளர்ந்திருந்தது. ஊசியால் உள்ளிருக்கும் தகட்டை லேசாக நெருக்கிவிட்டேன். ஆல்கஹால் முழுக்க உலரட்டும் என்று ராத்திரி முழுவதும் விட்டு, மறுநாள் என் பழைய வால்வுகளையே திரும்ப மாட்டினேன்.

கரகரப்பு போயே போய்விட்டது. பழைய வால்வுகளில் இரண்டு நன்றாகவே இருந்தன. மூன்றாவதை மட்டும் பென்சிலின் மரப்பக்கத்தால் தட்டினால் மணி அடித்தது போல 'டிங்' என்று நீளமாக ஒலித்தது. வி1-ல் எந்த வால்வைத் தட்டினாலும் கொஞ்சம் 'டொக்' கேட்கும், அது இயல்பு. இழுத்துக்கொண்டே போனால்தான் குறை. காரணம், வி1-ல் பிறக்கும் சின்னச் சத்தத்தையும் பின்னால் இருக்கும் எல்லா நிலைகளும் பெருக்குகின்றன. அதே வால்வை வி3-ல் போட்டால் தட்டுவது காதிலேயே விழவில்லை.

இனி ஒப்பிட்டுக் கேட்கும் வேலை. இதில் முதல் இரண்டு நாள் எழுதிய குறிப்புகளை அப்படியே கிழித்துப் போட வேண்டியதாயிற்று. மாலை ஏழு மணிக்குச் சொதசொதவென்று கேட்ட வால்வு, இரவு பதினொன்றுக்குக் கணீரென்று கேட்டது. சுவர் பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தால் மாலையில் 208 வோல்ட், இரவில் 238. ஆம்ப் 230-க்குச் செய்தது. கணக்குப் போட்டால் 6.3 வோல்ட் கிடைக்க வேண்டிய ஹீட்டருக்கு மாலையில் 5.7, இரவில் 6.5. பிளேட் வோல்டேஜும் அதே அளவில் ஏறி இறங்கும். நான் இரண்டு நாளாக வால்வை அல்ல, எங்கள் தெரு லைனைத்தான் ஒப்பிட்டிருக்கிறேன். அதன் பிறகு எல்லாச் சோதனையும் இரவு பத்தரைக்கு மேல், மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான்.

புது 12ஏஎக்ஸ்7 மூன்றில் ஒன்று வி1-ல் கொஞ்சம் கூடுதலாக இரைந்தது, அது வி2-க்குப் போயிற்று. மற்ற இரண்டையும் முதலில் கேட்டபோது ஒன்று 'இனிமை', இன்னொன்று 'கூர்மை' என்று எழுதி வைத்தேன். தங்கை அதை நம்பவில்லை.

"அண்ணா, நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. நான் மாத்துறேன். எதுன்னு சொல்லு."

பத்து முறை மாற்றினாள். ஒவ்வொரு முறையும் அணைத்து, ஆறவிட்டு, மாற்றி, சூடேற்றி என்று இரண்டு இரவு ஆயிற்று. ஐந்து முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும். அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிட்டேன்.

5751-ஐ மட்டும் ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்தேன். தரவுத்தாளில் 12ஏஎக்ஸ்7-க்குப் பெருக்கக் காரணி 100, 5751-க்கு 70. ஆனால் 100 கிலோ ஓம் பிளேட் மின்தடை உள்ள சாதாரணச் சுற்றில் 12ஏஎக்ஸ்7 உண்மையில் தருவது 60 மடங்கு அளவுதான், 5751 தருவது 44 அளவு. டெசிபலில் மூன்றுக்கும் குறைவான வித்தியாசம். சத்தம் குறைந்ததாகப் பெரிதாகத் தெரியாது. தெரிவது வேறு இடத்தில்: முன்பு வால்யூம் 4-லேயே உடையத் தொடங்கிய ஒலி இப்போது ஐந்தரை வரை சுத்தமாக நிற்கிறது. விரலை மெதுவாக வைத்தால் மெதுவாகவும், அழுத்தினால் கடித்தும் பேசுகிறது. எனக்கு அது மிகவும் பிடித்தது.

12ஏடி7 வி1-ல் எனக்கு வறண்டு கேட்டது. அது அதிக மின்னோட்டத்தில் வேலை செய்ய வடிவமைத்த வால்வு. 12ஏஎக்ஸ்7-க்காகப் போட்ட மின்தடைகளுக்கு நடுவே அதற்கு மூச்சு முட்டுகிறது என்று நினைக்கிறேன். அதை வி3-க்கு, அதாவது ஒலியை எதிரெதிரான இரண்டு பிரதிகளாக்கி இரண்டு ஈஎல்84-க்கும் கொடுக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டர் இடத்துக்கு, மாற்றினேன். 1960களின் ஃபெண்டர் ஆம்ப்கள் பலவற்றில் அந்த இடத்தில் இருப்பதும் 12ஏடி7தான். அங்கே போட்டதும் பேஸ் இறுகியது.

இந்த விவரத்தையெல்லாம் சொல்ல மாமாவிடம் போனபோது, அவர் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். துணியில் சுற்றி ஏழெட்டு வால்வுகள். அதில் ஒன்று ஈசிசி83, பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்தது. மைக்செட் ஆம்பின் மைக் உள்ளீட்டில் இருந்ததாம். "இதப் போட்டுப் பாரு. ஓடுனா நீயே வச்சுக்க" என்றார்.

கால்கள் கறுத்திருந்தன. நைலான் நாரால் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்து, நேராக்கி வி1-ல் மாட்டினேன். கிட்டார் வால்யூமை மூடிவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்தேன். என்னிடம் இருக்கும் வால்வுகளிலேயே இதில்தான் இரைச்சல் குறைவு. பென்சிலால் தட்டினால் மந்தமான ஒரு 'டொக்', அதோடு சரி. தங்கையை வைத்து இதையும் புது வால்வையும் பத்து முறை சோதித்தேன். எட்டு முறை சரியாகச் சொன்னேன், ஆனால் தொனியை வைத்து அல்ல, வாசிக்காத நேரத்து அமைதியை வைத்து. இதே வால்வை வி3-ல் போட்டபோது ஒலி சற்றுக் கோணலாக உடைந்தது. உள்ளே ஒரு ட்ரையோடு மற்றதை விடத் தளர்ந்திருக்கலாம்; இரண்டும் சமமாக இருக்க வேண்டிய இடம் அது. அதனால் வி1தான் அதற்கு இடம்.

போன வெள்ளிக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். கிட்டாரை அரைமணி நேரம் கேட்டார். பின்னால் குனிந்து, தகர மூடியைக் கழற்றச் சொல்லி, அந்த வால்வின் சிவந்த இழையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆடிக்கு அப்புறம் இத இப்பதான் பாக்குறேன்" என்றார். எந்த வருடத்து ஆடி என்று நான் கேட்கவில்லை.

இப்போதைய நிலை: வி1-ல் அந்த ஈசிசி83, வி2-ல் புது 12ஏஎக்ஸ்7, வி3-ல் 12ஏடி7. சுத்தமாக வாசிக்க வேண்டிய நாளில் வி1-க்கு 5751. மீதியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டிருக்கிறேன். ஆம்பின் பின்பக்கத்துக்குத் தங்கை ஒரு துணி உறை தைத்துக் கொடுத்திருக்கிறாள், வாசிக்காதபோது ஆறியபின் மூட. நேற்று வி1-ஐக் கழற்றிப் பார்த்தேன். சாக்கெட்டின் 7-ஆம் ஓட்டையில் மட்டும் மறுபடி மெல்லிய பச்சை. பொங்கலுக்கு முன் இன்னொரு தடவை பிரஷ் விட வேண்டும்.