இரண்டு திறப்பும் நான்கு புள்ளியும்

கடந்த வெள்ளிக்கிழமை ஆங்கில ஒப்படையின் புள்ளிகள் வகுப்பறைக் கதவில் ஒட்டப்பட்டன. சொந்தமாக ஒரு குற்றக்கதை எழுதும் அந்த ஒப்படைக்கு எனக்குக் கிடைத்தது 71. ஏ தரச் சித்திக்கு 75 வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த நான்கு புள்ளிகள் எங்கே போயின என்பதும் எனக்குத் தெளிவாகத் தெரியும். அடுத்த வருடம் இதே ஒப்படையைச் செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1200 சொல் எல்லை, வரைவுகள், வாய்மொழி விளக்கம் ஆகியவற்றைப் பாட ஆசிரியரே சொல்லிவிடுவார் என்பதால் அவற்றுக்குள் நான் போகவில்லை. கோபம் இன்னும் முழுதாக ஆறாத நிலையில் எழுதுவதால், ஒரே விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோலத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கதை கோப்பாயில் ஒரு வீட்டில் நடக்கிறது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்துநான்காம் நாள், அதாவது தேர் நாள், வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் விடியமுன் கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் அம்மம்மாவின் அலுமாரியில் இருந்த சீட்டுக் காசு 85,000 ரூபாவைக் காணவில்லை. அலுமாரி உடைக்கப்படவில்லை. அதன் திறப்போ, தேர் இருப்பிடம் சேரும்வரை அம்மம்மாவின் இடுப்பில் செருகியபடியே இருந்தது. உண்மையில் அந்த அலுமாரிக்கு இன்னொரு பழைய திறப்பு உண்டு. தொலைந்துவிட்டதாக எல்லாரும் நினைத்திருந்த அது சாமியறையில் முருகன் படத்துக்குப் பின்னால், திருநீற்றுத் தட்டுக்கு நேர் மேலே ஓர் ஆணியில் தொங்குகிறது. அலுமாரியின் திறப்புத் துவாரத்தில் ஒட்டியிருக்கும் துளித் திருநீறுதான் தடயம். இந்தத் தடயத்தை நானே யோசித்துப் பிடித்தேன் என்ற பெருமை எனக்கு இப்போதும் உண்டு.

வாய்மொழி விளக்கத்தின்போது ஆசிரியை என் கதையின் ஒன்பதாவது பந்தியில் விரலை வைத்தார். அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர் தமிழுக்கு மாறினார்.

“பிள்ளை, இது எந்தத் திறப்பு?”

“மற்றத் திறப்பு, ரீச்சர்.”

“மற்றத் திறப்பு எண்டு நீர் எங்கை எழுதியிருக்கிறீர்?”

நான் தாள்களைப் புரட்டினேன். எங்கும் எழுதியிருக்கவில்லை. கதை முழுவதும் ‘த கீ’ என்றே இருந்தது. அம்மம்மாவின் இடுப்பில் இருந்ததும் ‘த கீ’, படத்துக்குப் பின்னால் தொங்கியதும் ‘த கீ’. ஆங்கிலத்தில் அப்படி எழுதினால், வாசிப்பவர் ஏற்கெனவே அறிந்த அதே திறப்பு என்றுதான் பொருள். ஆகவே ஆசிரியையின் வாசிப்பில் அம்மம்மாதான் தன் திறப்பைப் படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்து, தன் காசைத் தானே எடுத்துவிட்டு நாடகமாடுகிறார். போதாததற்கு, திருநீற்றை நான் வெறுமனே ‘ஆஷ்’ என்று எழுதியிருந்தேன். அதை அவர் சிகரெட் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு, சிகரெட் பிடிக்கும் மாமாவையும் அம்மம்மாவின் கூட்டாளியாக்கிவிட்டார். இரண்டு பிழைகள் சேர்ந்து என் கதைக்குள் நான் எழுதாத வேறொரு கதையை உருவாக்கியிருந்தன.

இது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். என் முதல் வரைவு 1460 சொற்கள். அதில் இரண்டாவது திறப்பை ‘அன் ஓல்ட் கீ’ என்று முறையாக அறிமுகப்படுத்தும் ஒரு வசனம் இருந்தது. 260 சொற்களைக் குறைக்க வேண்டியிருந்ததால், மழை வர்ணனை, தேர் வர்ணனை, அம்மம்மாவின் பேச்சு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். கடைசியில் பதினொரு சொற்கள் மிஞ்சியபோது அந்த வசனத்தையும் வெட்டினேன். வெட்டிய பிறகு ஐந்தாறு தடவை வாசித்தேன். எதுவும் குறைவதாகத் தெரியவில்லை. காரணம், நான் கண்ணால் ஆங்கிலத்தை வாசித்தாலும் மனதுக்குள் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தேன். ‘படத்துக்குப் பின்னால் இருந்து திறப்பை எடுத்தாள்’ என்று தமிழில் சொன்னால், எந்தத் திறப்பு என்ற கேள்வியை அந்த வசனம் திறந்தே விட்டிருக்கும். தமிழில் ‘ஒரு’ போடலாம், ‘அந்த’ போடலாம், ஒன்றும் போடாமலும் விடலாம். ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது. ‘ஏ’ அல்லது ‘த’ என்று ஏதாவது ஒன்று நின்று, இது புதியதா பழையதா என்று வாசிப்பவருக்குச் சொல்லிவிடும். மற்றக் கதைகளில் இந்தப் பிழைக்கு அரைப் புள்ளி போகலாம். குற்றக்கதையில் குற்றவாளியே மாறிவிடுகிறார்.

ஆகவே என் முதல் ஆலோசனையும் பிரதான ஆலோசனையும் இதுதான்: கதையில் வரும் பொருட்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருங்கள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு பொருளையும் எழுதி, அது முதன்முதலில் எந்தப் பந்தியில் வருகிறது, அங்கே ‘ஏ’ நிற்கிறதா, அதன்பின் எல்லா இடத்திலும் ‘த’ நிற்கிறதா, ஒரே வகைப் பொருள் இரண்டு இருந்தால் அவற்றைப் பிரித்துக்காட்ட என்ன அடைமொழி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சொற்களைக் குறைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பட்டியலோடு மறுபடி ஒப்பிடுங்கள். பட்டியலில் உள்ள ஒரு பொருளின் முதல் வசனத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். மழையை வெட்டுங்கள்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது தடயம் விழுந்துபோகும் இடங்கள் இன்னும் உண்டு. எங்கள் கதைகளில் சந்தேகத்துக்குரியவர்கள் பெரும்பாலும் உறவினர்களே. என் முதல் வரைவில் பெரியம்மா, சித்தி, மாமி என்று மூவர் இருந்தனர். ஆங்கிலத்தில் மூவரும் ‘ஆன்ட்’ ஆகிவிட்டார்கள். பெயர் வைக்கலாம் என்று இரண்டாவது வரைவில் பெயர் வைத்தபோது, ஒருத்தி மாலா, இன்னொருத்தி மலர். பிறகு கமலா, ராணி, புவனேஸ் என்று மாற்றி, அவரவர் அம்மாவுக்கு என்ன முறை என்பதை ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டேன். அது போதுமாக இருந்தது.

இன்னொன்று, ஆள் யாரென்று மறைப்பது. தமிழில் ‘அவர்’ என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது. எழுவாயே இல்லாமல் ‘படலையைத் திறந்து உள்ளே வந்தாயிற்று’ என்று எழுதினாலும் யாரும் குறைசொல்லமாட்டார்கள். ஆங்கிலத்தில் ‘ஹீ’ அல்லது ‘ஷீ’ என்று எழுதிய கணத்தில் சந்தேக நபர்களில் பாதிப்பேர் விடுவிக்கப்பட்டுவிடுகிறார்கள். குற்றவாளியைக் காட்டாமல், அவர் கைப்பட்ட பொருளைக் காட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. படலை திறந்து கிடந்தது, வேலிப் பொட்டில் கிடுகு விலகியிருந்தது என்று செயலின் மிச்சத்தை எழுதுங்கள்.

எனக்குப் புள்ளி பெற்றுத்தந்த இடத்தையும் சொல்லவேண்டும். ‘நாங்கள் வந்தபோது சித்தி விளக்கேற்றினாள்’ என்பதற்கும் ‘நாங்கள் வந்தபோது சித்தி விளக்கேற்றியிருந்தாள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் என் இரண்டாவது தடயம். முதலாவதில் சித்தி எங்களோடு வந்து சேர்ந்தவள். இரண்டாவதில் எங்களுக்கு முன்னரே வீட்டில் இருந்தவள். ஆங்கிலத்தில் ‘லிட்’ என்பதற்குப் பதிலாக ‘ஹாட் லிட்’ என்று எழுதினால் வேலை முடிந்துவிடும். இலக்கண வகுப்பில் சலிப்போடு எழுதித்தள்ளிய அந்த ‘ஹாட்’ இவ்வளவு பயனுள்ளது என்று அப்போதுதான் விளங்கியது. ஆசிரியையும் அந்த வரியைப் பாராட்டினார்.

குற்றத்தைத் தெரிவுசெய்வது பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது: கொலை எழுதாதீர்கள். எங்கள் வகுப்பில் பெரும்பாலானோர் கொலைதான் எழுதினார்கள். இலங்கையில் ஒருவர் திடீரென இறந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி வரவேண்டும், சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்யவேண்டும், சந்தேக நபர் நீதவான் முன் ஆஜர்படுத்தப்பட வேண்டும். இவற்றைச் சொன்னால் 1200 சொற்களில் கதைக்கு இடமில்லை. சொல்லாவிட்டால், பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று சடலத்தைப் புரட்டிப் பார்த்துக் கொலையாளியைப் பிடிப்பதை யாரும் நம்பமாட்டார்கள். இன்னும் சிலர் கதையை முடிக்கத் தெரியாமல், பத்திரிகைச் செய்திபோல, பொலிஸார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர் என்று முடித்திருந்தார்கள். வீட்டுத் திருட்டு, மாற்றிவைக்கப்பட்ட ஒரு கடிதம், காணாமற்போன சைக்கிள் போன்றவற்றுக்கு அதிகாரிகள் யாரும் தேவையில்லை. விசாரிப்பவர் அந்த வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம்.

1929ஆம் ஆண்டில் ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். அவற்றில் சில இன்று வேடிக்கையாகத் தெரியும். ஆனால் குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும், துப்பறிபவருக்குத் தற்செயல் உதவக்கூடாது, அவர் கண்ட தடயத்தை வாசகரிடமும் உடனே காட்டிவிட வேண்டும் என்ற மூன்றையும் மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். மூன்றாவதை மீறியதற்குத்தான் நான் தண்டிக்கப்பட்டேன். வேண்டுமென்று மீறவில்லை என்பது வேறு விடயம்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

- முடிவை முதலில் எழுதுங்கள்.
- சந்தேகத்துக்குரியவர்கள் மூவருக்கு மேல் வேண்டாம்.
- ஒவ்வொருவர் பேச்சுக்கும் புதிய பந்தி. இதற்குத் தனியாகப் புள்ளி குறைத்தார்கள்.
- திருநீறு, கிடுகு, படலை போன்ற சொற்களை ஆங்கிலத்தில் எழுதும்போது, எங்கள் ஊரைக் காணாத ஒருவருக்கும் விளங்கும்படி பக்கத்தில் இரண்டு சொல் சேருங்கள்.
- திரைப்படக் கதையை மாற்றி எழுதாதீர்கள். வாய்மொழி விளக்கத்தில் இரண்டாவது கேள்வியிலேயே அகப்பட்டுவிடுவீர்கள். எங்கள் வகுப்பில் ஒருவர் அகப்பட்டார்.
- கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, ஆங்கிலத்தில் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுப்பாருங்கள். மௌனமாக வாசித்தால் என்னைப்போல் தமிழில்தான் கேட்பீர்கள்.

பட்டியல் போட்டு வேலை செய்வது என் சுபாவம். எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். எனக்குப் பக்கத்து மேசையில் இருப்பவள் எந்தத் திட்டமும் இல்லாமல், யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி 83 எடுத்தாள். அவள் கதையில் ஒரு திறப்புக்கூட இல்லை.

பெறுபேறு வந்த பின் வரைவுகளைத் திருப்பித் தந்தார்கள். என் முதல் வரைவைப் புரட்டிப் பார்த்தேன். நான் பென்சிலால் குறுக்கே வெட்டிய அந்தப் பதினொரு சொல் வசனத்துக்குப் பக்கத்தில், ஆசிரியை ஏற்கெனவே சிவப்பு மையால் ஒரு சரி போட்டிருந்தார். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே சரி அதுதான்.