ரட்லண்டில் தலைகீழ் லாடங்கள்

கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்துக் கூட்டிப் போ என்றேன். லெஸ்டரில் இருக்கும் நண்பன், "அப்ப ரட்லண்ட்தான். கார்ல கண் அசந்துடாதே, முழிக்கும்போது அடுத்த கவுன்டி வந்துடும்" என்றான்.

கவுன்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. இங்கிலாந்தின் மிகச் சிறிய கவுன்டிகளில் ரட்லண்டும் ஒன்று. மொத்தமே 382 சதுர கிலோமீட்டர், சுமார் 41,000 பேர். 1974-ல் இதை லெஸ்டர்ஷயரோடு சேர்த்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் 23 வருஷம் மல்லுக்கு நின்று 1997-ல் தனியாகப் பிரித்து வாங்கிவிட்டார்கள். 'சின்னதுக்குள் நிறைய' என்று லத்தீனில் ஒரு முழக்கம் வேறு. நம்ம கடுகு, காரம் கதைதான்.

தலைநகர் ஓக்கம். அங்கே கோட்டை என்று போனால் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு மண்டபம். 1180-களில் கட்டியது. உள்ளே நுழைந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நாலு சுவரிலும் லாடங்கள், 200-க்கு மேல்! பிரபுக்களோ அரச குடும்பத்தினரோ முதல்முறை இந்த ஊருக்கு வந்தால் ஒரு லாடம் கொடுத்தாக வேண்டுமாம். கோட்டையைக் கட்டிய ஃபெரர்ஸ் வம்சத்தின் பெயரிலேயே லாடம் அடிக்கும் தொழில் இருக்கிறது. வழக்கத்துக்கு அதையே காரணமாகச் சொல்கிறார்கள். எந்தக் குதிரைக்கும் பொருந்தாத லாடங்கள் இவை. முறம் அகலத்துக்குத் தங்க முலாம், உச்சியில் கிரீடம். யார் கொடுத்தது பெரிசு என்ற போட்டி அப்பட்டமாகத் தெரிகிறது. நான்காம் எட்வர்ட் மன்னர் கொடுத்ததுதான் இருப்பதில் பழையது என்கிறார்கள்.

எல்லாமே வாய் கீழே பார்க்கத் தொங்குகின்றன. மற்ற ஊர்களில் அப்படி மாட்டினால் அதிர்ஷ்டம் கொட்டிப்போய்விடும் என்பார்கள். இங்கே, நிமிர்த்தி மாட்டினால் குழிவில் சாத்தான் வந்து உட்கார்ந்துகொள்வானாம்.

சந்தைத் திடலில் பழைய வெண்ணெய்ச் சந்தை மண்டபம். அதனடியில், பைபிளில் வருமே, அந்தத் தொழுமரம். கால் மாட்டும் துளைகளை எண்ணினேன். ஐந்து! மூன்றாவது குற்றவாளிக்கு ஒற்றைக்கால் தண்டனை போல.

அங்கிருந்து ரட்லண்ட் வாட்டர். 1970-களில் குவாஷ் என்ற சிற்றாற்றை எம்பிங்கம் அருகே மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம். கொள்ளளவு நம் கணக்கில் 4.4 டி.எம்.சி. கீழ் ஹாம்பிள்டன் முழுகிப்போக, குன்றின் மேலிருந்த மேல் ஹாம்பிள்டன் மட்டும் மூன்று பக்கமும் தண்ணீரோடு நிற்கிறது.

நார்மன்டன் தேவாலயமும் முழுகியிருக்க வேண்டியதுதான். ஊர்க்காரர்கள் விடவில்லை. கீழ்ப்பாதியைக் கல்லும் கான்கிரீட்டும் போட்டு நிரப்பி, அதன்மேல் புதுத் தளம் போட்டு, சுற்றிலும் கரை கட்டிவிட்டார்கள். அதனால் இடுப்பளவு மண்ணில் புதைந்த மாதிரி நிற்கிறது. நெடிய ஜன்னல்களின் மேல்பாதி மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. பூஜை கிடையாது, கல்யாணங்கள் நடக்கின்றன.

2021-ல் இங்கே பறவைக் காப்பகத்துக் குட்டை ஒன்றை வடித்தபோது, சேற்றில் ஏதோ குழாய் என்று பார்த்தால், டைனோசார் காலத்துக் கடல் ஊர்வனமான இக்தியோசாரின் முதுகெலும்பு. நீளம் சுமார் 10 மீட்டர், வயது 18 கோடி வருஷம்!

நான் ஆசையாகப் பார்க்க வந்தது விரால் அடிப்பானை, அதாவது மீன் பிடித்துத் தின்னும் ஆஸ்ப்ரே என்ற வேட்டைப் பறவையை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் அடியோடு அற்றுப்போன பறவை. 1996-லிருந்து ஸ்காட்லாந்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டு, 2001-ல் இங்கேயே குஞ்சு பொரிக்க வைத்தார்கள். மறைவிடத்தில் முக்கால் மணி நேரம் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த பாட்டி பாவப்பட்டு, "எல்லாம் செப்டம்பரிலேயே ஆப்பிரிக்கா போயாச்சு, கண்ணு" என்றார்.

நாங்கள் போனது அக்டோபர். கம்பத்து உச்சிக் கூட்டருகே ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.