பின்கட்டுக்கு வராத வைஃபை

ஜூன் 9, 2025, திங்கள்

ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்தவர்கள் ரவுட்டரை ரேழிச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். நான் உட்கார்ந்து கணக்கு எழுதும் அறையோ கூடத்தையும் முற்றத்தையும் தாண்டி, இரண்டாம் கட்டின் கோடியில், கொல்லைக் கதவை ஒட்டி இருக்கிறது. கும்பகோணத்துப் பழைய வீடுகளின் நீளமும், சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய தடித்த சுவர்களும் சென்னை அலுவலகத்தாருக்குச் சொன்னால் புரிவதில்லை. வீடியோ கூட்டத்தில் என் முகம் உறைந்து நின்றால் நான் பதில் தேடித் திணறுகிறேன் என்றே அவர்கள் நினைக்கிறார்கள்.

ரிப்பீட்டர் ஒன்று வாங்கினால் முடிந்தது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஒரே அலைவரிசையில் கேட்டுத் திருப்பிச் சொல்லும் மலிவான ரிப்பீட்டர் வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கிவிடும் என்பதால், வீட்டில் இருக்கும் பொருள்களைக் கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்று முதலில் பார்த்துவிடத் தீர்மானித்திருக்கிறேன்.

அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். லேப்டாப்பின் மூலையில் தெரியும் வளைவுக் கோடுகளை நம்பி எதையும் ஒப்பிட இயலாது. விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் நெட்ஷ் கட்டளை கொடுத்தால் சிக்னல் சதவீதமாக வருகிறது. அதைப் பாதியாக்கி நூறைக் கழித்தால், சிக்னலின் வலுவை டெசிபலில் சொல்லும் டிபிஎம் கணக்கு ஏறக்குறைய கிடைக்கும். அது மைனஸில் வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது. என் மேசையில் இன்று காட்டியது 38 சதவீதம், அதாவது மைனஸ் 81. மைனஸ் 67 அளவுக்கு வந்தால் வீடியோ கூட்டம் தடங்கலின்றி நடக்கும் என்பது பொதுவான கணிப்பு. இந்த அளவையில் 3 டெசிபல் கூடினால் ஆற்றல் இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு என்பதால், எனக்குத் தேவைப்படும் 14 டெசிபல் என்பது இருபத்தைந்து மடங்கு.

ஜூன் 10, செவ்வாய்

காசு செலவில்லாத காரியங்களை முதலில் முடித்தேன். ரவுட்டரின் இரண்டு ஆன்டெனாக்களும் தொங்கும் காதுகளாகப் பக்கத்துக்கொன்றாய்ச் சாய்ந்திருந்தன. இவ்வகை ஆன்டெனா தன் உடலைச் சுற்றிலும்தான் அலையைப் பரப்பும். நுனி காட்டும் திசையில் ஏதும் போகாது. ஒரே தளத்தில் இருக்கும் வீட்டில் அவற்றைச் செங்குத்தாக நிறுத்துவதே முறை. அருகில் நின்ற இரும்பு பீரோவை இரண்டடி தள்ளி வைத்தோம். ஃபைபர் ஒயர் சுவரோரம் சுருட்டிக் கிடந்ததால் ரவுட்டரையும் ஓரடி உயர்த்த முடிந்தது. அந்த ஒயரைக் குறுக மடக்கினால் உள்ளே ஓடும் ஒளி கசிந்துவிடும் என்பதால், சுருள் உள்ளங்கையைவிடச் சிறுக்காமல் பார்த்துக்கொண்டேன்.

லேப்டாப் பக்கத்தில், பேட்டரியில் ஓடும்போது வைஃபை அட்டை மின்சாரத்தைச் சிக்கனம் பிடிக்கும் அமைப்பை நிறுத்தினேன். பெரும்பாலான லேப்டாப்களில் ஆன்டெனா திரையின் விளிம்புக்குள்தான் இருக்கிறது என்பதால், மூடியைத் திறக்கும் கோணமும் மேசையைப் போட்டிருக்கும் திசையும் கணக்கில் வரும். திரையின் முதுகு முற்றத்தைப் பார்க்குமாறு மேசையைத் திருப்பிப் போட்டேன். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இந்த அறைக்கு வந்து சேர்வதேயில்லை. அது சுவர்களில் இன்னும் அதிகமாகத் தேய்ந்துபோகும். ஆகவே இனி எல்லாக் கணக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத்தான்.

மாலையில் 46 சதவீதம், மைனஸ் 77.

ஜூன் 12, வியாழன்

அலுமினியத் தாள் வேலை இன்று. சப்பாத்தி சுற்றும் தாளை ஆன்டெனாவுக்குப் பின்னால் எப்படியோ நிறுத்தி வைத்துவிட்டு, பயனில்லை என்று பலர் கைவிடுகிறார்கள். வடிவமும் தூரமும் சரியாக இருந்தால்தான் அது வேலை செய்யும். 2017இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள், ஒவ்வொரு வீட்டின் அறை அமைப்புக்கும் ஏற்ற வளைவைக் கணினியில் கணக்கிட்டு, முப்பரிமாண அச்சில் எடுத்து, அதன்மேல் உலோகப் பூச்சுக் கொடுத்துச் சோதித்தார்கள். என்னிடம் இருப்பது போன வருஷத்துத் தினசரி காலண்டரின் அட்டையும் கோந்தும்தான்.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர். ஆன்டெனாவிலிருந்து பின்புறமாகப் போகும் அலை உலோகத்தில் பட்டுத் திரும்பும்போது தலைகீழாகப் புரண்டு வருகிறது. ஆகையால் உலோகம் கால் அலைநீளத் தொலைவில், அதாவது 3 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக இருந்தால், போய்வரும் அரை அலைநீளமும் அந்தப் புரட்டலும் ஒன்றையொன்று ஈடுகட்ட, திரும்பி வரும் அலை முன்னால் போகும் அலையோடு கைகோத்துக்கொள்ளும். ஆறு சென்டிமீட்டரில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கப் பார்க்கும். தாளை ஏனோதானோவென்று வைப்பவர்களுக்குச் சிக்னல் குறைவதற்குப் பல சமயம் காரணம் இதுதான்.

டிஷ் ஆன்டெனாவுக்கு இருக்கும் பரவளைவுதான் அலைகளை ஒரு புள்ளியில், அதாவது குவியத்தில், சேர்க்கும். வளைவின் அடியிலிருந்து அந்தப் புள்ளிவரை உள்ள குவியத் தொலைவு 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு வரைந்தேன். நடுவிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் விலகுகிறோமோ அதன் வர்க்கத்தை 12ஆல் வகுத்தால், அந்த இடத்தில் அட்டை எத்தனை சென்டிமீட்டர் முன்னால் வளைந்து வர வேண்டும் என்பது கிடைக்கும்: 6இல் 3, 8இல் 5.3. வாய் 16 சென்டிமீட்டர் அகலம் வரும் இந்த வளைவுக்கு 20 சென்டிமீட்டர் நீளமுள்ள அட்டைப் பட்டை போதுமானது. உயரம் ஆன்டெனாவின் உயரத்துக்குச் சமம். வளைவு கலையாமல் இருக்க மேலும் கீழும் அதே வடிவில் வெட்டிய அட்டைகளை ஒட்டி, குவியம் விழும் இடத்தில் துளையிட்டு, ஆன்டெனாவை அதில் செருகினேன். தாள் சுருங்கி மடிந்திருப்பதைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை. சில மில்லிமீட்டர் மேடுபள்ளம் 12.5 சென்டிமீட்டர் அலைக்குத் தெரியாது. ஆன்டெனாவுக்கு ஒன்றாக இரண்டு செய்து, இரண்டின் வாயையும் முற்றத்தின் பக்கம் திருப்பினேன்.

58 சதவீதம், மைனஸ் 71. ஆறு டெசிபல், நான்கு மடங்கு. காலண்டர் அட்டைக்கு இது தாராளமான கூலி.

ஜூன் 13, வெள்ளி

மாமா நான்கு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து உபன்யாசம் கேட்பவர். இன்று உள்ளே வந்து, "ஏம்மா, நம்ம நெட்டு நின்னுபோச்சா? சுத்திக்கிட்டே இருக்கே" என்றார். திண்ணையில் போய் அவருடைய மொபைலில் அளந்தேன். முன்பு மைனஸ் 66 இருந்த இடம் இப்போது மைனஸ் 78.

ஜூன் 15, ஞாயிறு

இந்தத் தாள் வித்தையைப் பற்றி எழுதுகிறவர்கள் 'சிக்னல் கூடும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கே குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ரவுட்டர் வெளியிடும் ஆற்றல் முன்பிருந்ததே. தெருப்பக்கம் போய்க்கொண்டிருந்ததைத் திருப்பிப் பின்கட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். தெருவில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு வைஃபை வேண்டியதில்லைதான், ஆனால் தெருவுக்கும் ரேழிக்கும் நடுவில் மாமாவின் திண்ணை இருக்கிறது.

ஒரு வளைவை எடுத்துவிட்டு மற்றொன்றை மட்டும் விட்டுவைத்தேன். என் மேசையில் 54 சதவீதம், மைனஸ் 73. திண்ணையில் மைனஸ் 69. அவருக்கு உபன்யாசம் தடையில்லாமல் ஓடுகிறது. இனி ரவுட்டரைத் தொடக்கூடாது. எதைச் செய்தாலும் என் அறைக்குள்தான் செய்ய வேண்டும்.

ரவுட்டரின் அமைப்பில் ஆற்றலைக் கூட்டிவிடேன் என்று மகன் கேட்டான். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005இல் அனுமதி வந்தபோது, ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட் என்ற உச்ச வரம்பும் வந்தது. வீட்டு ரவுட்டர்கள் அதற்கு வெகு கீழே, பெரும்பாலும் 0.1 வாட் அளவில் இயங்குகின்றன. சட்டம் இடம் கொடுத்தாலும் அதனால் பாதிப் பயன்தான். ரவுட்டர் உரக்கக் கத்தினால் என் லேப்டாப்புக்குக் கேட்கும், லேப்டாப் முணுமுணுப்பது ரவுட்டருக்குக் கேட்காது. வளைந்த உலோகமோ அனுப்புவதற்கு எவ்வளவு உதவுகிறதோ அவ்வளவே கேட்பதற்கும் உதவும்.

ஜூன் 18, புதன்

மகன் கல்லூரி விடுதியில் பயன்படுத்திய யூஎஸ்பி வைஃபை டாங்கிள், அதாவது லேப்டாப்பில் செருகி வைஃபை பிடிக்கும் சிறு கருவி, மேசை இழுப்பறையில் கிடந்தது. லேப்டாப்பில் நேரே செருகிப் பார்த்தால் உள்ளே இருக்கும் அட்டையைவிட மோசமாக இருந்தது. பக்கத்துத் துளையில் கணக்குகளைச் சேமிக்கும் யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம். யூஎஸ்பி 3.0 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் எழுப்பும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012இலேயே தனி அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. மூன்று மீட்டர் நீட்டிப்பு ஒயர் வாங்கி டாங்கிளை ஜன்னலுக்குக் கொண்டுபோனதும் அந்தத் தொல்லை விலகி, லேப்டாப் காட்டிய அதே மைனஸ் 73க்கு வந்து நின்றது. யூஎஸ்பி 2.0 ஒயருக்கு 5 மீட்டர் வரம்பு. அதற்கு மேல் போனால் டாங்கிள் அடையாளமே தெரியாமல் போகலாம்.

ஜூன் 22, ஞாயிறு

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நியூசிலாந்தின் ஸ்டான் ஸ்வான் என்பவர், சீனச் சமையலில் எண்ணெய் வடிக்கும் கம்பிக் கரண்டியின் குழியில் யூஎஸ்பி டாங்கிளைப் பொருத்திக் காட்டினார். அந்த வழியையே நானும் பிடித்தேன். நம் அடுப்படியில் குழிவாக இருக்கும் பெரிய உலோகம் வாணலிதான். அத்தையிடம் கேட்டபோது, "முறுக்கு சுடுறது அதுலதாம்மா. ஓட்டை கீட்டை போட்டுடாதே" என்று சொல்லியே கொடுத்தார்.

ஓட்டை போடத் தேவையே ஏற்படவில்லை. வாணலியின் வாய் விட்டம் 36 சென்டிமீட்டர், ஆழம் 9. விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் பதினாறு மடங்கால் வகுத்தால் குவியத் தொலைவு வரும்: 1296ஐ 144ஆல் வகுக்க, 9. ஆழமும் அதே 9 என்பதால் குவியம் சரியாக வாயின் மட்டத்தில் விழுகிறது. துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டி வாயின் குறுக்கே வைத்து, நடுவில் டாங்கிளை நூலால் கட்டிவிட்டேன். வாணலி சுத்தமான பரவளைவாக இருக்காது, கோளத்தின் ஒரு துண்டுக்கு நெருக்கமாகவே இருக்கும். அப்படியானால் குவியம் 11 சென்டிமீட்டர் பக்கம் நகரும். ஈர்க்கின் கீழ் தீப்பெட்டி வைத்து உயர்த்தியபோது உண்மையிலேயே ஒரு டெசிபல் கூடியது.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் நேரம் போயிற்று. ரவுட்டர் இருக்கும் திசைக்கு நேரே, அதாவது சுவரைப் பார்த்து வைத்தபோது மைனஸ் 70தான். விரல் அகலம் விரல் அகலமாகத் திருப்பிக்கொண்டே வந்ததில், நிலைப்படியின் வழியாக முற்றம் தெரியும் கோணத்தில் எண் ஏறியது. அலை இந்த அறைக்குச் சுவர்களைத் துளைத்து வருவதைவிட, கூடத்திலிருந்து முற்றத்தின் திறந்தவெளியில் இறங்கி, எதிர்ச் சுவரில் பட்டு, நிலைப்படி வழியே நுழைவதே அதிகம் என்று தெரிகிறது. மர நாற்காலியில் வாணலியைச் சாய்த்து அந்தக் கோணத்தில் நிறுத்தினேன்.

76 சதவீதம், மைனஸ் 62. வெறும் டாங்கிள் காட்டியதைவிட 11 டெசிபல் அதிகம், அதாவது பன்னிரண்டு மடங்குக்கு மேல். முதல் நாள் திங்களன்று 4 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாத பதிவிறக்க வேகம் இப்போது 30க்கு மேல். நாற்காலிக்கும் நிலைப்படிக்கும் நடுவில் யாராவது வந்து நின்றால் நாலைந்து டெசிபல் விழுகிறது. மனித உடம்பில் இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இந்த அலையை விழுங்கும்.

ஜூன் 26, வியாழன்

வாணலி இல்லாமல் அத்தைக்குக் கை ஒடிந்தது போலாகிவிட்டது. பாத்திரக் கடையில் எடைக்குப் போட வந்த பழைய அலுமினிய வாணலி ஒன்றை வாங்கி வந்தேன். விட்டம் இரண்டு சென்டிமீட்டர் குறைவு, அடியில் ஒரு சொட்டை, கைப்பிடி ஒருபக்கம் இல்லை. அதே நாற்காலி, அதே கோணம். ஈர்க்கை மட்டும் மறுபடி ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. மைனஸ் 63. காலையில் நடந்த கூட்டம் முக்கால் மணி நேரம் ஓடியும் ஒருமுறைகூட நிற்கவில்லை.

எலக்ட்ரீஷியனிடம் தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டி லேன் ஒயர் இழுக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறேன். 100 மீட்டர் வரை குறையில்லாமல் போகும் அந்த ஒயருக்கு எந்த வாணலியும் ஈடில்லை. மழை ஓய்ந்த பிறகு வருகிறேன் என்றார். அதுவரை நாற்காலியை யாரும் நகர்த்தாமல் இருந்தால் போதும்.